ஒரு மணி நேரம் ஆடாத கண்ணாடி

பேய்க் கதை சொல்கிறவர்கள் எல்லோரும் ‘எனக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். இது எனக்கு நடந்தது. போன மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. அன்று மதியம் நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் கழுவிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். எனக்குச் சாமி நம்பிக்கையே அரைகுறை. பேய் நம்பிக்கை சுத்தமாகக் கிடையாது... அன்று வரை.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் எதைப் பார்த்துப் பயந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஆய்வுக்கூடத்தை மேலிருந்து பார்த்தால் ‘ட’ என்ற எழுத்தைப் போல இருக்கும். மூலையில் கன்ட்ரோல் ரூம். அங்கிருந்து இரண்டு பக்கமும் நூறு மீட்டர் நீளத்துக்கு இரும்புக் குழாய்கள். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய குழாய்கள். ஒவ்வொரு குழாயின் கடைசியிலும் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு கண்ணாடி, மெல்லிய கம்பிகளில் தொங்கும். ஒரே லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு கண்ணாடிக்கும் அனுப்புவோம். இரண்டு ஒளியும் திரும்பி வந்து சேரும்போது ஒன்றையொன்று அணைத்து இருட்டாகிவிட வேண்டும். கண்ணாடி துளி நகர்ந்தாலும் வெளிச்சம் கசியும். துளி என்றால், ஒரு தலைமுடியின் கனத்தை லட்சம் பங்கு போட்டு அதில் ஒரு பங்கு.

ஆனால் உலகத்தில் எதுவும் சும்மா நிற்பதில்லை. ரோட்டில் லாரி போனால் கண்ணாடி ஆடும். காற்றடித்தால் ஆடும். யாராவது கதவைச் சாத்தினால் ஆடும். அதனால் கசிகிற வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடியை உடனுக்குடன் அதன் இடத்துக்கே தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு கன்ட்ரோல் உண்டு. சின்ன வயதில் ஒரு நீளக் குச்சியை உள்ளங்கையில் நட்டமாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். குச்சி சாயும் பக்கமெல்லாம் கை ஓடும். கை மந்தமாக ஓடினால் குச்சி விழும். பதறி ஓடினாலும் விழும். அந்தக் கையைப் பழக்குவதுதான் என் வேலை. எவ்வளவு தள்ள வேண்டும், எத்தனை வேகமாகத் தள்ள வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எண்களைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பேன். கண்ணாடிகள் அசையாமல் நிற்கும் அந்த நிலையை ‘லாக்’ என்போம். அசைந்துவிட்டால் ‘லாக் விழுந்துவிட்டது’ என்போம்.

எங்கள் லாக் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றதே இல்லை.

திங்கட்கிழமை காலை நிதி கொடுக்கும் குழு வருவதாக இருந்தது. தொடர்ந்து ஒரு மணி நேரம் லாக் நின்றதற்குப் பதிவு காட்டாவிட்டால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் துறைத் தலைவி என்னைக் கூப்பிட்டார்.

“ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம். உன்னால முடியுமா, முடியாதா?”

என்னையும் சேர்த்து எட்டுப் பேரின் சோறு அந்தத் திட்டத்தில் இருந்தது. “முடியும் மேடம்” என்று சொல்லிவிட்டேன்.

முடியாமல் இருந்ததற்கு முக்கியமான காரணம் ஒரு ஏசி புளோயர். கிழக்குக் குழாயின் கடைசி அறைக்கு மேலே, மொட்டை மாடித் தடுப்புக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடினால் கீழே கண்ணாடிக்குக் குளிர் ஜுரம் வந்தது போல நடுக்கம். கன்ட்ரோல் ரூமிலிருந்தே அதை அணைக்கும் சுவிட்ச் கெட்டுப் போயிருந்தது. இரும்பு ஏணியில் ஏறிப் போய்க் கையால்தான் அணைக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆள் என் மச்சான். அக்கா வீட்டுக்காரர். எங்கள் இடத்திலேயே ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு.

போன் போட்டேன். “மச்சான், ஒரு சின்ன உதவி...”

“சின்ன உதவின்னு நீ ஆரம்பிச்சாலே என் லீவு காலின்னு அர்த்தம் மாப்ள” என்றார். ஆனால் ஏழு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மழையில் நனைந்த சட்டையை உதறிக்கொண்டே கன்ட்ரோல் ரூம் வாசலில் நின்றார். உள்ளே வரமாட்டார். தரை ஈரமாகிவிடும் என்று.

“இவ்ளோ பெரிய கட்டடம், இத்தனை படிச்ச ஆளுங்க... எல்லாம் ஒரு கண்ணாடி ஆடாம நிக்கிறதுக்கா? எங்க வீட்டுக் கண்ணாடி பன்னெண்டு வருஷமா ஒத்த ஆணியில தொங்குது. ஒரு நாள் ஆடினதில்ல.”

“உங்க மூஞ்சியப் பாத்து உறைஞ்சு போயிருக்கும் மச்சான்.”

“அதுல உங்கக்காவும்தான் மூஞ்சி பாக்கறா. போய்ச் சொல்லட்டுமா?”

சிரித்தோம். கிளம்பும்போது அவர் கொஞ்சம் தயங்கினார்.

“ஏணி மழையில வழுக்கும். கூட ஒரு ஆள் வந்தா நல்லாருக்கும். வர்றியா?”

நான் அப்போதுதான் எண்களை மாற்ற ஆரம்பித்திருந்தேன். எழுந்தால் மறுபடி முதலிலிருந்து. “இப்ப நகர முடியாது மச்சான். பாத்து ஏறுங்க” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சரி சரி, நீ உன் கண்ணாடியப் பாரு. அணைச்சிட்டு, போறப்ப சொல்லிட்டுப் போறேன்.”

அவருடைய செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து மறைந்தது.

7:12-க்கு என் திரையில் புளோயரின் நடுக்கம் பட்டென்று காணாமல் போனது. அணைத்துவிட்டார்! அடுத்த நிமிடமே லாக் நின்றது. இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. நான் நாற்காலியில் குதிக்காத குறை.

7:14-க்கு விழுந்தது.

தரையில் பதித்திருக்கும் அதிர்வு சென்சாரில் ஒரே ஒரு பெரிய குத்து. கிழக்குக் கோடியில் ஏதோ தொப்பென்று மோதியது போல. எனக்கு ஆத்திரமாக வந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். “ஒரு கதவ மெதுவா சாத்தத் தெரியுதா இந்த மனுஷனுக்கு... எருமை” என்று வாய்விட்டே திட்டினேன்.

அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

அவர் போகும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை. என் வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று அப்படியே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் ஞாபகமே எனக்கு இல்லை.

லாக் நிற்கும். விழும். எண்ணை மாற்றுவேன். நிற்கும். விழும். ஒன்பது மணி சுமாருக்குப் பதினெட்டு நிமிடம் நின்றது. அதுவரை எங்கள் யாருக்கும் கிடைக்காத பதினெட்டு நிமிடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைத் தள்ளும் விசையைத் துளித் துளியாகக் கூட்டிக்கொண்டிருந்தபோது மேஜை மேல் போன் அலறியது. கை பதறி, எண் எகிறி, லாக் போய்விட்டது.

அக்கா.

“அவர் இன்னும் வரலடா. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறார். அங்கதான் இருக்காரா?”

“எப்பவோ கிளம்பிட்டாருக்கா.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்க்கா. போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருப்பாரு, வந்துடுவாரு. வை, வேலை தலைக்கு மேல கிடக்கு.”

பாத்தேன்க்கா. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். போனைச் சத்தம் வராதபடி செய்து டிராயருக்குள் போட்டு மூடினேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடியின் அசைவைச் சத்தமாக மாற்றி ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்போம். கண்ணில் படாத கோளாறு காதில் பட்டுவிடும். மழை பெய்தால் அதில் பொரிவது போலக் கேட்கும். லாரி போனால் உறுமும். அன்று அந்த ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

9:20 இருக்கும்.

டொக்... டொக்... டொக்.

யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. திரும்பி வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. சத்தம் வாசலிலிருந்து வரவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

டொக்... டொக்... டொக்.

கிழக்குக் கண்ணாடி. ஒவ்வொரு தட்டுக்கும் அது மெல்ல ரீங்கரித்து அடங்கியது. சரி, அந்தப் பக்கம் ஏதோ குழாயில் இடிக்கிறது என்று தரை சென்சாரைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. அது எப்படி? யாராவது வெளியிலிருந்து தட்டினால் தரை அதிர வேண்டும். குழாய் அதிர வேண்டும். அதற்குப் பிறகுதான் கண்ணாடி. இங்கே கண்ணாடி மட்டும் அதிர்கிறது. காற்றுகூட இல்லாத, மூடி முத்திரை வைத்த குழாய்க்குள் தொங்கும் கண்ணாடி.

மின்சாரக் கோளாறு என்று முடிவு கட்டினேன். மழை நாளில் ஈரம் இறங்கி இப்படி ஏதாவது வரும். அதற்கு மருந்து என்னிடம் இருந்தது. ஃபில்டர். ‘இந்த ஒரு சுருதியை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதே’ என்று கன்ட்ரோலுக்குச் சொல்லிவிடுவது. அந்த ரீங்காரத்தின் சுருதியை அளந்து, சரியாக அந்த இடத்தில் ஒரு ஃபில்டரை வைத்தேன்.

தட்டல் நின்றது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்...

டக். டக். டக்.

மறுபடியும்! ஆனால் இப்போது சுருதி வேறு. முன்பு கனமாக இருந்தது, இப்போது மெல்லிசாக, கொஞ்சம் அவசரமாக. மின்சாரக் கோளாறு இப்படிச் செய்யாது. ஒரு வாசல் திறக்காவிட்டால் அடுத்த வாசலுக்குப் போவது மனுஷனின் குணம்.

அதை நான் யோசிக்கத்தான் செய்தேன். யோசித்துவிட்டு, இரண்டாவது ஃபில்டரை வைத்தேன்.

அப்போது இன்டர்காம் அடித்தது. கேட்டிலிருந்து வாட்ச்மேன்.

“சார், உங்க மச்சான் வண்டி ஷெட்லயே நிக்குது. வண்டிப் பெட்டிக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. அவர் உள்ளயா இருக்காரு?”

“இல்ல. போயிட்டாரு.”

“வண்டிய விட்டுட்டா?”

“மழைன்னு பஸ்ல போயிருப்பார். நீங்க எத்தன மணிக்கு வந்தீங்க?”

“எட்டு மணிக்குத்தான் சார்.”

“அதுக்கு முன்னாடியே போயிட்டாரு.”

இன்டர்காமை வைத்தேன். ஒரு எட்டு, கிழக்குக் கோடி வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? நூறு மீட்டர். போக இரண்டு நிமிடம், வர இரண்டு நிமிடம்.

எழுந்து நின்றேன். நின்றேன் என்பது சத்தியம். நடைபாதையின் வாசலுக்கே போனேன். விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. கடைசி விளக்கு மட்டும் லேசாக மின்னியது. நான் நடந்தால் தரை அதிரும்... லாக் விழும்... நாளைக் காலை குழு வரும்...

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

தப்... தப்.

மூன்றாவது முறை. இப்போது அதில் ஒழுங்கே இல்லை. விரல் முட்டியால் தட்டி ஓய்ந்தவன் உள்ளங்கையால் அடிப்பது போல. ஒன்று பலமாக. ஒன்று பலமே இல்லாமல். இடையில் ஸ்பீக்கரில்... ஹ்ஹ்ஹ்... என்று ஓர் இழுப்பு.

மழைச் சத்தம், வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது ஃபில்டரை வைத்தேன். விசையையும் அதுவரை வைக்காத அளவுக்கு ஏற்றினேன்.

தப்...

பிறகு இல்லை.

பிறகு தட்டவே இல்லை.

10:41-க்கு லாக் நின்றது. நான் பார்த்ததிலேயே அழகான லாக். கசியும் வெளிச்சம் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வெளியே ஒரு லாரி போனது. தரை சென்சார் துள்ளியது. கண்ணாடி அசையவில்லை. பதினைந்து நிமிடம். எனக்குச் சிரிப்பு வந்தது. யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் திரையின் கீழே இருக்கும் இன்னொரு கோட்டைக் கவனித்தேன். கண்ணாடியைக் கன்ட்ரோல் எவ்வளவு தள்ளுகிறது என்று காட்டும் கோடு. லாக் நிற்கும்போது அது சும்மா இருக்காது. குச்சி நிற்கிறதென்றால் கை ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்தக் கோடு செத்துக் கிடந்தது.

பூஜ்யம்.

ஏதாவது ஒயர் கழன்றிருக்கும் என்று எழுந்து, பூனை போல நடந்து, அலமாரிக்குப் போனேன். கண்ணாடியைத் தள்ளுவதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி அங்கே இருக்கிறது. ஆம்ப் என்போம். அதன் பச்சை விளக்கு எரியவில்லை. சூடு தாங்காமல் தானே அணைந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது. அணைந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும்.

மணி 10:59.

திரும்பித் திரையைப் பார்த்தேன், லாக் நின்றுகொண்டுதான் இருந்தது.

கன்ட்ரோல் இல்லை. கண்ணாடியைத் தள்ள எதுவுமே இல்லை. வெறும் கம்பியில் தொங்குகிறது. அது ஊசலாட வேண்டும். லாரிக்கு ஆட வேண்டும். மழைக்கு ஆட வேண்டும்.

ஆடவில்லை.

அங்கே... யாரோ... அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆம்பைத் திரும்பப் போடும் பட்டன் என் விரலுக்குக் கீழேயே இருந்தது. அழுத்தினால் லாக் விழும். எல்லாம் முதலிலிருந்து. பிடித்துக்கொண்டிருப்பது எதுவானாலும் அதற்கு விடுதலை.

நான் அழுத்தவில்லை.

இதைத்தான் யாரிடமும் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. தட்டலை அடைத்தது தெரியாமல் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். இது தெரிந்து செய்தது. விரலை எடுத்துக்கொண்டு, மெதுவாக நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நாற்பத்திரண்டு நிமிடம் வேண்டியிருந்தது எனக்கு.

11:20.

ஸ்பீக்கரில் ஒரு புதுச் சத்தம். வெடவெட என்று. மெல்ல. கனமான அண்டாவை வெகு நேரம் தூக்கி நிற்கிறவனுக்குத் தோளிலிருந்து ஆரம்பிக்குமே... அந்த நடுக்கம்.

கசியும் வெளிச்சம் கொஞ்சம் ஏறியது.

இறங்கியது.

ஏறியது.

நான் மைக்கைத் தேடவில்லை. யாருக்குக் கேட்கும் என்று யோசிக்கவும் இல்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து, “விட்றாதே” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“விட்றாதீங்க...”

அப்படித்தான் வந்தது.

யாரிடம் நான் மரியாதையாகப் பேசினேன்?

அது யார் என்று எனக்குத் தெரியும் என்றால் பொய். தெரியாது என்றாலும் பொய்.

“விட்றாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்.”

வெளிச்சம் இறங்கியது. நின்றது.

11:41. ஒரு மணி நேரம்.

போதும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லவில்லை. ஒன்றேகால் மணி நேரம் காட்டினால் குழு வாயடைத்துப் போகுமே...

ஹ்ஹ்ஹ்... ஹ்ஹ்ஹ்...

வெடவெடவெட...

11:50.

ஹ்ஹ்...

11:53.

விழுந்தது.

தானாக விழுந்தது. பெருமூச்சு போல ஒரு சத்தம். அப்புறம் ஸ்பீக்கரில் மழை மட்டும்.

பதிவைப் பத்திரப்படுத்தினேன். “கிடைத்துவிட்டது மேடம், ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்” என்று கம்ப்யூட்டரிலிருந்தே தலைவிக்குச் செய்தி அனுப்பினேன். என் விரல்கள் அதைத் தப்பில்லாமல் அடித்தன. டிராயரிலிருந்து போனை எடுத்தபோது அக்காவிடமிருந்து தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. கடைசி அழைப்பு பத்தரைக்கு. அதற்குப் பிறகு இல்லை. சரி, மச்சான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று மனம் அப்படி ஒரு ஆசையோடு அதைப் பிடித்துக்கொண்டது. கிழக்குப் பக்கம் பார்க்காமல் வெளியே வந்தேன். ஷெட்டில் அவர் வண்டி நனைந்துகொண்டு நின்றது. அதைத் தாண்டித்தான் போனேன்.

காலையில் பெருக்க வந்த அம்மாதான் அவரைப் பார்த்துக் கத்தியது. ஏணியின் அடியில், கிழக்கு அறைச் சுவரோரமாகக் கிடந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். போலீஸ். ஆஸ்பத்திரி வராந்தா. அக்கா அழாமல் உட்கார்ந்திருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார்.

“கழுத்தெலும்பு ஒடிஞ்சிருக்கு. விழுந்த அந்த நொடியே உயிர் போயிருக்கும். யாராலயும் எதுவும் பண்ணியிருக்க முடியாது தம்பி. மனசப் போட்டு உழப்பிக்காதீங்க.”

விழுந்த நொடி எது என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தரை சென்சாரில் இருக்கிறது. 7:14. நான் எருமை என்று திட்டிய அந்தக் குத்து. 9:20-க்குத் தட்டியவர் இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நீ போய்ப் பார்த்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. பிழைக்க வைக்கச் சொல்லி அவர் தட்டவில்லை. அந்த இருட்டில் தனியாகக் கிடக்கிறேன், வந்து பார் என்றுதான் தட்டியிருக்கிறார். அதைத்தான் நான் மூன்று தடவை அடைத்தேன்.

குழு ஒரு வாரம் கழித்து வந்தது. பதிவைப் பார்த்தார்கள். வாயடைத்துத்தான் போனார்கள். திட்டம் பிழைத்தது. நாங்கள் எட்டுப் பேரும் பிழைத்தோம். ஆம்ப் அணைந்திருந்ததைத் தலைவியிடம் சொன்னேன். விளக்கு பழுதாகியிருக்கும், குழம்பாதே என்றார். எலெக்ட்ரீஷியன் சோதித்துப் பார்த்தார். விளக்கில் பழுது இல்லை. ஆம்பின் பதிவுப்படி அது அன்று இரவு 10:40-க்கு அணைந்து, மறுநாள் காலை வரை அணைந்தேதான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ இரவு முயன்றுவிட்டோம். இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டைகளையும் சேர்த்துத்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா... அன்னிக்கு நான் பாத்தேன்னு சொன்னது பொய்க்கா. அவர் கிளம்பினத நான் பாக்கவே இல்ல.”

“தெரியும்டா” என்றாள். மடிப்பதை நிறுத்தவில்லை. “ஆனா நீ வந்துடுவாருன்னு சொன்ன பாரு, அது பொய்யில்ல. வந்தாரு.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, கதவத் தாழ் போடாம சும்மா சாத்திட்டுப் படுத்துட்டேன். பன்னெண்டு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும். கட்டில் அந்தப் பக்கம் அமுங்குச்சு. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். வேணாம்னாரு. எனக்குத் தூக்கக் கலக்கம். கண்ணத் திறக்கல. கையப் பிடிச்சேன்... சில்லுனு இருந்துச்சுடா. ரெண்டு கையும் வெடவெடன்னு நடுக்கம். என் மடியில எடுத்து வச்சு, நான் தூங்கிப் போற வரைக்கும் தேய்ச்சு விட்டேன். காலைல பாத்தா ஆள் இல்ல. அவர் படுத்த பக்கம் போர்வை ஈரமா இருந்துச்சு.”

“கனவா இருக்கும்க்கா...” என்றேன்.

“இருக்கும். நானும் அப்படித்தான் நெனச்சேன்.” அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஏன் இப்படி நடுங்குதுன்னு கேட்டேன்டா. ‘உன் தம்பி விட்றாதீங்க, விட்றாதீங்கன்னான். அதான் முடிஞ்ச வரைக்கும் பிடிச்சுட்டு இருந்தேன்’னாரு.”

மழை பெய்யவில்லை. விசிறி ஓடவில்லை. அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

“எதடா விட வேணாம்னு சொன்ன?”